முன் சக்கரத்தில் சத்தமா?

காரின் முன் சக்கரத்தில் சத்தம் கேட்டால், எப்போது கேட்கிறது என்று முதலில் கவனியுங்கள். வேகம் கூடக்கூட 'ஊ...' என்ற இரைச்சலும் ஏறினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம். வலப்பக்கம் வளைக்கும்போது எடை இடப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் சி.வி. ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் பிரேக்கிலிருந்தும் வரலாம். பல பிரேக் பேடுகளில் ஒரு சின்னத் தகடு உண்டு. பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். கரகரவென்று இரும்போடு இரும்பு உரசினால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில் சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.