பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்: யூகோஸ்லாவிய விடுதலைப் போரும் ரோமா மக்களும்



பாசிச எதிர்ப்புப் போர் என்றால் நமக்கு ஸ்டாலின்கிராட் நினைவுக்கு வரும். பால்கன் மலைகள் அபூர்வமாகத்தான் வரும். அந்த மலைகளில் போரிட்ட, கொல்லப்பட்ட ரோமா மக்கள் வருவதேயில்லை. 'ஜிப்சி' என்று இழிவாக அழைக்கப்பட்ட அவர்களைப் பற்றி இன்று பேசுவோம்.

1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி பெல்கிரேடின் மீது குண்டு வீசியது. 17ஆம் தேதி யூகோஸ்லாவிய ராணுவம் சரணடைந்தது. நாட்டைக் கூறுபோட்டார்கள். செர்பியா ஜெர்மன் ராணுவத்தின் பிடியில்; குரோஷியாவும் போஸ்னியாவும் உஸ்தாஷா என்ற பாசிச இயக்கத்தின் பிடியில். யூதர்களை நடத்துவதுபோலவே ரோமாக்களையும் நடத்த வேண்டும் என்று மே இறுதியில் செர்பியாவில் ஆணை வந்தது. அடையாளமாக மஞ்சள் கைப்பட்டை கட்டச் சொன்னார்கள்.

அந்தக் கோடையிலேயே கம்யூனிஸ்டுகளின் தலைமையில் பார்ட்டிசான்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஒரு ஜெர்மானியச் சிப்பாய் செத்தால் 100 பேர், காயப்பட்டால் 50 பேர் சுடப்படுவார்கள் என்றது ஆக்கிரமிப்பு ராணுவம். அக்டோபரில் கிராகுயெவாட்ஸ் நகரில் மட்டும் ஏறத்தாழ 2,800 பேரைச் சுட்டார்கள். அவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. பல இடங்களில், முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த யூத, ரோமா ஆண்களைச் சுட்டே இந்தக் கணக்கை நேர் செய்தார்கள். அவர்கள் மீது குற்றம் எதுவும் இல்லை. பிறப்பே போதுமானதாக இருந்தது.

1942 மே மாதம் முதல் உஸ்தாஷா ஆட்சி ரோமாக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக யசெனோவாட்ஸ் முகாமுக்குக் கொண்டுசென்றது. பலரைப் பெயர்கூடப் பதியாமல் கொன்றார்கள். முகாமின் நினைவகம் இதுவரை திரட்டிய 83,145 பெயர்களில் 16,173 ரோமாக்களுடையவை. கிடைத்த பெயர்கள் மட்டுமே இவை.

சாவு மட்டும் அவர்கள் வரலாறு அல்ல. செர்பியர், குரோஷியர், போஸ்னிய முஸ்லிம் என எல்லாரும் ஒரே படையில் நின்ற பார்ட்டிசான் இயக்கத்தில் ரோமாக்களும் சேர்ந்தார்கள். முகாம்களிலிருந்து மீண்ட இசைக்கலைஞர் ஜார்கோ யோவனோவிச் அப்படிச் சேர்ந்தவர்.

1943 நவம்பரில் யாய்ட்சே நகரில் கூடிய விடுதலைப் பேரவை, சமத்துவ மக்களினங்களின் கூட்டாட்சியை அறிவித்தது. வெற்றிக்குப் பின் செர்பியர், குரோஷியர், மாசிடோனியர் எல்லாம் தேசிய இனங்கள் ஆனார்கள். ரோமாக்கள் வெறும் 'இனக்குழு' என்ற கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டார்கள். நினைவுச் சின்னங்களோ 'பாசிசத்துக்குப் பலியானோர்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டன. பொதுப்பெயருக்குள் கரைந்து காணாமல் போவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

1971 ஏப்ரலில் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, யூகோஸ்லாவிய ரோமா கவிஞர் ஸ்லோபோதான் பெர்பெர்ஸ்கியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. யோவனோவிச் எழுதிய பாடல் அங்கே அவர்களின் கீதமானது. தங்களைக் கொன்ற உஸ்தாஷாவின் கருப்புப் படையை அது பெயர் சொல்லியே நினைவுகூர்கிறது.

ரோமானி மொழி இந்திய மண்ணில் வேர் கொண்டது. ஆனால் அவர்களோடு நமக்குள்ள உறவை ரத்தத்தில் தேட வேண்டியதில்லை. பார்ட்டிசான் போரின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அது இல்லையென்றால் எஞ்சியவர்களும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அப்போரில் தோளோடு தோள் நின்றவர்களுக்கு வெற்றிக்குப் பின் எந்த இடம் கிடைத்தது என்றே கேட்கிறோம். மாணவர்களே, எந்த விடுதலையின் வரலாற்றைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இயக்கங்களில் நிற்கும் தோழர்களே, வெற்றிவரை காத்திருக்காமல் இன்றே கேளுங்கள்.

ஜெய்பீம்.