பழைய காரின் புல்லியும் அதில் உள்ள கோடும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்மில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர்தான். பிறகு எல்லோருக்கும் எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். நான் சொல்லப்போகும் பாகம் இன்றைய கார்கள் பலவற்றிலும் இருக்கிறது. கரண்ட் போனால் லிஃப்டை ஓட்டுகிற ஜெனரேட்டரின் டீசல் இன்ஜினிலும் அநேகமாக இருக்கும். அதனால் இது எல்லோருக்கும் உரிய விஷயம்தான்.

இன்ஜினின் முன்பக்கம் ஃபேன் பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கிராங்க்ஷாஃப்ட் புல்லி. பல இன்ஜின்களில் அது வெறும் சக்கரம் அல்ல. நடுவில் ஒரு இரும்பு மையம், வெளியே கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். இந்த அமைப்புக்குத்தான் டேம்பர் என்று பெயர்.

ரப்பர் எதற்கு? நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்ஷாஃப்டை ஈரத்துணியைப் பிழிவது போல லேசாக முறுக்கிவிடுகிறது. முறுக்கிய தண்டு மறுபடி திரும்புகிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த ஆட்டம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகிவிடும். கனமான வெளிவளையம் அதற்கு எதிராக ஆடும். ரப்பர் அந்த ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றிவிடும்.

மோட்டார் கார் வந்த புதிதில் நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் தண்டு உடைவது பெரிய தலைவலியாக இருந்தது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1910-ல் இதற்கு ஒரு டேம்பர் அமைத்துக் காப்புரிமை பெற்றார். ரப்பர் வைத்த வகை பிறகு வந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் தண்டு குட்டை. அதனால் பழைய சிறிய கார்கள் பலவற்றில் வெறும் இரும்புப் புல்லியே போதுமானதாக இருந்தது. உங்கள் காரில் எது என்று தெரிய, இன்ஜினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புக்கு நடுவே வட்டமாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது டேம்பர்.

ரப்பருக்கு வயது உண்டு. இன்ஜின் சூடும், கசியும் ஆயிலும், காற்றும் அதைக் கெட்டியாக்கி வெடிக்க வைக்கும். மரக்காணம் உப்பளக் காற்று அடிக்கும் இந்தக் கரையோரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ரப்பர் ஒட்டியிருக்கும் விளிம்பில் துரு ஏறினால் பிடிப்பு விடத் தொடங்கும். ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்தாலும் இது நடக்கும்.

பிடிப்பு விட்டதும் வெளிவளையம் மையத்தின்மேல் மெல்ல நழுவும். பல கார்களில் டைமிங் மார்க் என்கிற கோடு அந்த வெளிவளையத்தில்தான் இருக்கிறது. வளையம் நழுவினால் கோடும் நழுவும். மெக்கானிக் டைமிங் லைட் அடித்து, கோட்டைப் பார்த்து, ஒழுங்காகத்தான் டைமிங் வைப்பார். ஆனால் கோடு பொய் சொல்லும். இன்ஜின் தட்டும், சூடேறும், இழுவை குறையும். கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பெட்ரோல் என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பணம் செலவாகும். வளையம் முழுவதும் கழன்றுவிட்டால் ரேடியேட்டரைக் கிழிக்கும். பக்கத்தில் குனிந்து நிற்பவருக்கும் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. இன்ஜின் ஆறியபின் மையம், ரப்பர், வளையம் மூன்றின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். சில நாள் ஓட்டியபின் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக முறிந்து விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது. பெல்ட் தள்ளாடுவது, ரப்பர் பிதுங்குவது, வளையம் டைமிங் கவரில் உரசிய தடம் ஆகியவையும் அடையாளங்களே.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பல கார்களில் ரேடியேட்டரையும் இறக்க வேண்டியிருக்கும். நடு போல்ட் இறுக்கமாக இருக்கும். அதற்காக ஸ்பேனரை மாட்டி செல்ஃப் அடிக்கும் வழக்கம் வேண்டாம். ஃப்ளைவீலை அசையாமல் பிடித்துக் கழற்றுவதே முறை. புல்லரை மையத்தில் மட்டும் மாட்ட வேண்டும். வெளிவளையத்தில் மாட்டி இழுத்தால் நல்ல ரப்பரும் அறுந்துபோகும். வெளியே எடுத்ததும் ஆயில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, கீயும் அதன் காடியும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சீலையும் அப்போதே புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. அந்த அடி கிராங்க்ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும். அதற்குரிய கருவியால் மெதுவாக ஏற்றி, கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமும் கோடும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகே டைமிங் வையுங்கள்.

பழைய காருக்குப் பாகம் என்றால் எல்லோரும் சென்னை புதுப்பேட்டையைத்தான் சொல்வார்கள். பல பாகங்களுக்கு அது சரி. ஆனால் அங்கே கிடைக்கும் பழைய டேம்பரின் ரப்பருக்கும் உங்கள் டேம்பரின் வயதே இருக்கலாம். வேறு மாடலின் புல்லி பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எடையும் கோட்டின் இடமும் மாறலாம். பசை போட்டு ஒட்டித் தருவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ரப்பரின் கெட்டித்தன்மை அந்த இன்ஜினின் ஆட்டத்துக்கு ஏற்றபடி அமைத்தது. புதியது கிடைக்காவிட்டால், அச்சில் வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் புது ரப்பர் பிணைத்துத் தருபவரிடம் கொடுப்பதே வழி.

அடுத்து, நமக்குப் பொதுவான சில விஷயங்கள். மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உயிரைப் பறிக்கும். டைமிங் லைட் வெளிச்சத்தில் சுழலும் புல்லி நிற்பது போலவே தெரியும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ரேடியேட்டர் கூலன்ட்டைத் தரையில் விடாமல் பாத்திரத்தில் பிடியுங்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். அவற்றுக்கு அது விஷம்.

ஜெனரேட்டர் பற்றி ஒரு கோரிக்கை. பெரிய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதிலாக, மூடிய உறைக்குள் கெட்டியான சிலிகான் திரவம் வைத்த டேம்பர் இருக்கும். இதற்குப் பெயின்ட் சோதனை உதவாது. உறை நசுங்கினாலோ திரவம் கசிந்தாலோ மாற்ற வேண்டும். எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பின் மாற்றுவது என்பதை மேனுவலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த சர்வீஸுக்கு ஆள் வரும்போது டேம்பரைப் பார்த்தாரா என்று கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுதி வைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். டேம்பர் மாற்றுவதைவிடக் கிராங்க்ஷாஃப்ட் மாற்றுவது பல மடங்கு செலவு. அந்தச் செலவு நம் எல்லோர் பராமரிப்புக் கட்டணத்திலும்தான் வந்து விழும்.