கடல் கடந்த குதிரைச் சந்தையில் அம்மாவும் நானும்

(வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் வானொலியில் ஆற்றிய உரை)

வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற நான், இன்றைக்கு ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஊர் சுற்றிய கதைதானே என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். உங்கள் கட்டுத்தறிக்கு வேண்டிய சேதி இதில் இருக்கிறது.

என் தம்பி அயர்லாந்து நாட்டில், கால்வே என்னும் நகரத்தில், மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். 2023 அக்டோபரில் அம்மாவையும் என்னையும் வரச்சொல்லி டிக்கெட் எடுத்து அனுப்பினான். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. வாக்கப்பட்டு வந்த நாள் முதல் மாடு இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. "கடல் பார்க்கலாம், கோட்டை பார்க்கலாம்" என்று தம்பி போனில் அடுக்கிக்கொண்டே போனான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏங்கண்ணு, அங்கே மாட்டுச் சந்தை கூடுமா?"

மாட்டுச் சந்தை கூடுவதில்லை, குதிரைச் சந்தை கூடும் என்றான். கால்வேயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் பாலினஸ்லோ என்று ஓர் ஊர். சக் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்கள் கடக்கிற ஆற்றுத் துறை என்பதுதான் அவர்கள் பாஷையில் அந்த ஊர்ப் பெயருக்குப் பொருள். ஐரோப்பாவின் பழைய குதிரைச் சந்தைகளில் அதுவும் ஒன்று. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரை பார்த்தவர் அம்மா. அது போதும், கிளம்பிவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் எங்களுக்குள் ஒரு சண்டை. பேரப்பிள்ளைகளுக்கென்று அம்மா ஒரு தூக்குப் போசி நிறைய நெய் காய்ச்சி வைத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் பால் பொருளோ, இறைச்சியோ பெட்டியில் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். "காய்ச்சின நெய்யிலே என்ன நோவு இருக்கப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விமான நிலையத்துக்காரர் ஒவ்வொரு போசியையும் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நெய் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. படித்தவள் என்ற கர்வத்தில் நானும் விமானம் ஏறினேன்.

சந்தைக்கு முதல் நாள் இரவு தம்பி வீட்டில் பெட்டியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். மேலே புடவைகள், அடியில் ஒரு பையில் அம்மாவின் டயர் செருப்பு. கட்டுத்தறிக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே செருப்பு. அடிப்பாகத்துக் கோடுகளில் சாணம் அப்பிக் காய்ந்திருந்தது. "சந்தையிலே சேறாக் கெடக்கும், வழுக்காம இருக்குமுன்னு எடுத்து வச்சேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் தெருவில் இரண்டு மாடுகளுக்குக் கோமாரி கண்டிருந்தது. கோமாரிக் கிருமி நோய் கண்ட மாட்டின் எச்சில், பால், சாணம், மூச்சு எல்லாவற்றிலும் வெளியேறும். நல்ல வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் சாகும். குளிரும் ஈரமுமான இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அயர்லாந்தோ எந்நேரமும் குளிரும் ஈரமுமான நாடு. எங்கள் செருப்பில் கிருமி இருந்ததா, இல்லையா? பெரும்பாலும் இருந்திருக்காது. ஆனால் நெய்யைப் பிடித்து நிறுத்திய நான் செருப்பைக் கோட்டை விட்டேனே!

குதிரைக்குக் கோமாரி வராது. மாடு, ஆடு, பன்றி மாதிரி பிளந்த குளம்பு உள்ள பிராணிகளுக்குத்தான் வரும். ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலே மாடும் ஆடும் வைத்திருக்கிற குடியானவர்கள். புல்வெளிச் சேற்றில் நாம் உதறியதை அவர்கள் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு போவார்கள்.

"ஒரு பொட்டுச் சாணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று அம்மா முகத்தைத் தூக்கினார். அன்று இரவு அவருக்கு 2001-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி வெடித்தது. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத கழிவு உணவைப் பன்றிகளுக்குப் போட்டதில் தொடங்கியிருக்கும் என்று விசாரணையில் கருதினார்கள். அங்கிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்குத் தொற்றியது. ஆடுகளில் கோமாரி கண்ணுக்கு எளிதில் தெரியாது. அந்த ஆடுகள் ஹெக்ஸம் என்ற சந்தைக்கும், பிறகு லாங்டவுன் என்ற சந்தைக்கும் போயின. சந்தையில் நூற்றுக்கணக்கான ஆடுகள் உரசி நின்றன, வியாபாரிகள் வாங்கிக்கொண்டு நாலாபக்கமும் போனார்கள். நோய் இருக்கிறது என்று சர்க்கார் கண்டுபிடிப்பதற்குள்ளாகவே நாடு முழுக்கப் பரவிவிட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகளைக் கொன்றார்கள். அயர்லாந்துக்கு அந்த மார்ச்சில் லவுத் என்ற மாவட்டத்தில் வந்தது. ஒரே ஒரு பண்ணைதான். அதற்கே சுற்றுவட்டாரத்து ஆடு மாடுகளை எல்லாம் கொன்றார்கள். டப்ளின் நகரில் வருஷந்தோறும் நடக்கும் செயின்ட் பாட்ரிக் ஊர்வலத்தையே தள்ளிவைத்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நோவு கண்ட மாட்டை வெட்டலாம். நோவு இல்லாததையுமா வெட்டுனாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்துபோய் செருப்பை அவரே எடுத்துவந்தார்.

வாஷிங் சோடா வாங்கிவந்து லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் வீதம் கரைத்தோம். துணி துவைக்கிற சோடாவைச் சொல்கிறேன், ஆப்பத்துக்குப் போடுகிற சோடா அல்ல. முதலில் சாணத்தைப் பிரஷ்ஷால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே தேய்த்து எடுத்தோம். சாணம் இருக்கும்வரை மருந்து உள்ளே போகாது. பிறகு புதுக் கரைசலில் ஊறவைத்தோம். அப்படியும் அந்தச் செருப்பை அங்கே போடவில்லை. அம்மா காலுக்குத் தம்பி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தான். புடவைக்குக் கீழே பூட்ஸ். அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பை ரேடியோவில் சொல்ல முடியாது.

மறுநாள் மழைத் தூறலில் போய்ச் சேர்ந்தோம். ஊரின் நடுவே சந்தைக்கென்றே விட்ட பெரிய புல்வெளி. அங்கே குதிரை வியாபாரத்தில் முன்னே நிற்பவர்கள் டிராவலர்கள் என்ற நாடோடி இனத்தார். அவர்களைத் தனி இனமாக அயர்லாந்து அரசு 2017-இல்தான் அங்கீகரித்தது. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுப் போட்ட குதிரைகளுக்கு முழங்காலிலிருந்து குளம்புவரை மயிர் தொங்குகிறது. "காலுக்குப் பாவாடை கட்டி விட்டிருக்காங்க பாரு" என்றார் அம்மா.

சிறுமி ஒருத்தி மட்டக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாயோடு நின்றாள். அம்மா பாஷை தெரியாமலே வாயைத் திறந்து காட்டச் சைகை செய்தார். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே குதிரையின் உதட்டைத் தூக்கினாள். அம்மா திடுக்கிட்டார். "ஐயோ, மேல் பல்லும் இருக்குதே!" மாட்டுக்கு முன்புறம் கீழ்ப்பல் மட்டுந்தான், குதிரைக்கு இரண்டு பக்கமும் உண்டு. இரண்டரை வயதில் நடுப்பல் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் கடைப்பல். நம் ஊரில் இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என்கிற அதே கணக்குத்தான்.

பேரம் வேடிக்கையாக இருந்தது. நம் பக்கம் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவோம். அங்கே ஊரே சூழ்ந்து நிற்க, வாய்விட்டுக் கத்திப் பேசுகிறார்கள். வாங்குகிறவர் கோபித்துக்கொண்டு போவார். தரகர் ஓடிப்போய் இழுத்து வருவார். இருவர் கையையும் பிடித்துச் சேர்க்கப் பார்ப்பார். வித்தியாசத்தில் பாதியை இவர் விடு, பாதியை அவர் விடு என்பார். கடைசியில் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு ஓங்கி ஒரு அறை. வியாபாரம் முடிந்தது. விற்றவர் வாங்கிய பணத்தில் சிறிது எடுத்து ராசிக்கென்று திருப்பிக் கொடுக்கிறார். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. துப்புவதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

கையடித்த பிறகு குதிரையோடு ஒரு சிறு புத்தகமும் கைமாறியது. குதிரைக்குப் பாஸ்போர்ட்! ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கட்டாயம். கழுத்தில் தோலுக்கடியில் அரிசி அளவு சிப் ஒன்றும் வைக்கிறார்கள். புத்தகத்தில் குதிரையின் படம் வரைந்து நிறம், வெள்ளை, சுழி எல்லாம் குறிக்கிறார்கள். சுழி என்று நான் சொன்னதும், "அப்போ இவங்களும் சுழி பார்க்கறாங்களா!" என்று அம்மா மகிழ்ந்துபோனார். ராசிக்கு அல்ல, ஆள் மாறாட்டம் நடக்காமலிருக்க என்றேன். அந்த விளக்கம் அவர் காதில் ஏறவில்லை.

ஒரு காலத்தில் பல்லாயிரம் ஆடுகளும் மாடுகளும் இதே இடத்தில் விற்றிருக்கின்றன. 1950, 60-களில் கூட்டுறவு ஏலக்கூடங்கள் வந்தன. எடை போட்டு ஏலம் விட்டு, பணத்துக்கு உத்தரவாதம் கொடுத்ததால் மாடுகள் அங்கே போய்விட்டன. இரவெல்லாம் மாட்டை ஓட்டிவந்து, தெருவில் நின்று, வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போன காலம் அத்தோடு முடிந்தது. குதிரை மட்டும் நின்றுவிட்டது. குதிரையை எடை போட்டா வாங்க முடியும்?

நம் சந்தைகளுக்கு வருகிறேன். சந்தையில் வாங்கிய மாட்டை நேரே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். குறைந்தது 21 நாள் தனியாகக் கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். அதைக் கவனிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால்நடைத் துறையார் இலவசமாகப் போடுகிறார்கள். கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. "சினை மாடு, பால் குறையும்" என்று மாட்டை ஒளித்து வைக்கிற அன்பர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. பால் குறைந்தால் சில நாளில் திரும்பிவிடும். கோமாரி வந்த மாட்டின் மடி பல நேரம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஊர் திரும்பிய அன்று மாடுகள் அம்மாவின் குரல் கேட்டுக் கத்தின. அம்மா படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "சோடாத் தண்ணி கரைச்சிட்டு வா கண்ணு. அந்தச் சந்தைச் சேறு இந்தப் பூட்ஸில் இருக்குதல்ல?" என்றார். இப்போது எங்கள் கட்டுத்தறி வாசலில் ஒரு அகலச் சட்டி இருக்கிறது. தரகர் வந்தாலும் சரி, ஆபீஸர் என்று நான் வந்தாலும் சரி, காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.