பொழுதுக் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்பொழுதை நன்கு செலவிடுமாறு யாங்ஙனம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் சங்கத்தார் என்னைப் பணித்தனர். இலக்கணங் கற்பித்து வாழும் எளியேன், வாணிகத்தில் வல்லவர்களாகிய உங்கட்குக் கணக்குச் சொல்ல முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனை யொக்கும். ஆயினும் நீங்கள் எழுதாத கணக்கு ஒன்று உளது. அதனை நினைவூட்டும் அளவில் என் உரை அமையும்.

பொருட்கணக்கில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. அன்றாடம் நடப்பதைச் சிட்டையிற் குறித்து, பேரேட்டிற் பதிந்து, ஆண்டிறுதியில் ஐந்தொகை போட்டுப் பார்க்கின்றோம். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றிரவு நமக்கு உறக்கம் வருவதில்லை. ஆனால் நாடோறும் நமக்கு வரவாகும் அறுபது நாழிகையும் எங்கே சென்றன என்று என்றேனும் எழுதிப் பார்த்ததுண்டோ? பொருளை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம்; கடனும் வாங்கலாம். பொழுதுக்கோ இருப்பு வைத்தலும் இல்லை. கடன் வாங்கலும் இல்லை. நாம் செலவெழுதினும் எழுதாவிடினும் அது செலவாகியே தீரும். திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் நாள் என்பதனை உயிரை அறுக்கும் வாளாகக் கண்டதும் இதுபற்றியே.

பொழுதை அளத்தல் நமக்குப் புதியதன்று. முல்லைப்பாட்டிலே, நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிப்போரைக் காண்கிறோம். முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். பத்து நாழிகை கொண்டது ஒரு சிறுபொழுது. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறு. ஒவ்வொரு பொழுதுக்கும் உரிய ஒழுக்கம் உண்டு என்பது இப்பகுப்பின் கருத்து.

நம்மவர் நல்ல நேரம் பார்ப்பதில் குறைவுடையரல்லர். மூன்றே முக்கால் நாழிகை இராகுகாலத்தை அஞ்சி வாயிற்படியில் நிற்கின்றோம். முகூர்த்த நாழிகை தவறுதல் கூடாதெனப் பதைக்கின்றோம். அங்ஙனம் அஞ்சுகின்ற நாமே, நல்ல நேரம் என்று குறித்த பொழுது வந்தபின் அதனை வீண்பேச்சிலும் கைபேசியிலும் தொலைத்தற்குச் சிறிதும் அஞ்சுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு நாழிகை வீணாயின் ஆண்டொன்றுக்கு 365 நாழிகை. அஃதாவது முழுதாக ஆறு நாள், இரவும் பகலும் சேர்த்து! திருக்குறளிற் காலமறிதல் என ஓர் அதிகாரம் உளது. வினைக்கு ஏற்ற பொழுதை அறிந்து, அது வாய்த்தபோது வினையை முடித்தலே ஆங்குப் பேசப்படுவது.

இனி, நம் வாழ்க்கைக் கணக்கை எழுதுவோம். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துவோர் நம்மிற் பலர். அது பதினைந்து மணி. நாழிகைக் கணக்கில் முப்பத்தேழரை. உறக்கத்துக்குப் பதினெட்டு நாழிகை வைத்தால், இரண்டும் கூடி ஐம்பத்தைந்தரை. எஞ்சியது நாலரை நாழிகை. நீராடல், உணவு, வழிபாடு, வீட்டுப்பணி, மக்களைப் பேணல், உற்றார் நலம் வினாவல், ஒரு நல்ல நூலைப் புரட்டல் ஆகிய யாவும் இந்த நாலரைக்குள் அடங்க வேண்டும். அடங்குமோ? அடங்காது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஊழியர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என வரையறுத்தது. கடைப்பையனுக்குச் சட்டம் துணை நின்றது; முதலாளிக்குத் துணை யார்?

அடங்காத அப்பணிகள் செய்யப்படாமல் நின்றனவோ எனின், நிற்கவில்லை. சோறு வெந்தது, துணி வெளுத்தது, முதியோர்க்கு மருந்து கிடைத்தது. அங்ஙனமாயின் அவற்றுக்கான நாழிகையைக் கொடுத்தவர் யார்? நம் தாயும் மனைவியும் மகளுமே. பொழுதைக் கடன் வாங்கல் இயலாது என்றேன். பிறர் பொழுதைக் கேளாமல் எடுத்துக்கொள்ளல் இயலும். இல்லந்தோறும் அது நடந்துவருகின்றது.

நம் நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் மக்கள் பொழுதைச் செலவிடும் முறையை ஆராய்ந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்கெனச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். நாழிகையாக்கின் பெண்ணுக்குப் பன்னிரண்டரை, ஆணுக்கு நான்கு. அந்த நான்கும் வேலை செய்த ஆண்களின் கணக்கே. நூறு ஆண்களில் ஏறக்குறைய இருபத்தாறு பேரே அவ்வேலையிற் கை வைத்தனர், பெண்களிலோ எண்பத்தொருவர். இப்பற்று எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

யான் நாடோறும் வகுப்பறையிற் காணும் ஒன்றையும் சொல்வேன். பாடம் எழுதி வராத மாணவனைக் காரணம் வினவின், "விளையாடினேன் ஐயா" என்பான். எழுதி வராத மாணவியை வினவின், "வீட்டில் வேலை இருந்தது ஐயா" என்பாள். இருவரும் ஒரே நாழிகையை இழந்தவர்களே. ஆனால் அவன் இழந்தது தன் விருப்பத்தால். இவள் இழந்தது நம் ஏற்பாட்டால். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் மகளை அடுப்படிக்கு அழைத்துவிட்டு, படிக்கும் மகனுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும் இல்லம் நம்மிடையே இல்லையென்று எவரேனும் சொல்ல வல்லரோ?

அற்றேல், கடமை பலவுடையார் தமக்கென ஒரு பொழுதை நாடுதல் தவறோ எனின், தவறன்று, அது வேண்டப்படுவதே. உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். நாடோறும் பாடஞ் சொல்லிக்கொண்டே, 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். இவை யாவும் உத்தியோகத்தின் நடுவே மிஞ்சிய நாழிகைகளில் விளைந்தவை. பயன்படுத்தப்பட்ட சிறுபொழுது எத்துணை வலிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயினும் எந்தப் புலவர் இல்லத்திலும் சோறு தானே வெந்ததில்லை. அதனை ஆக்கியோர் பொழுதும் அந்நூல்களுள் அடங்கியுளது என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாறு பொழுதளித்தவர்க்கும் தமக்கென ஒரு நாழிகை வேண்டும் அன்றோ?

நிற்க. செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, ஏழு நாளைக்குப் பொழுதுச் சிட்டை ஒன்று எழுதுங்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். எட்டாம் நாள் இல்லத்தார் அனைவரும் ஒருங்கிருந்து ஐந்தொகை பாருங்கள். யார் பற்றில் எவ்வளவு ஏறியது என்பது அப்பொழுது விளங்கும்.

இரண்டாவது, கடைப்பொழுதைச் சுருக்க வழி தேடுங்கள். "அடைத்தால் வாடிக்கை போய்விடுமே" என்பீர்கள். தனித்து நடத்தும் சிறுகடையார்க்கு அவ்வச்சம் பொய்யன்று. அவர்களும் விற்பனை மந்தமாகிய நண்பகலில் ஐந்து நாழிகை சாத்துதல் கூடும். உடன்பிறந்தார் இருவர் நடத்தும் கடையில் ஒருவர் காலையும் மற்றவர் மாலையும் முறைவைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது, உண்ட தட்டைத் தானே கழுவுதலும், தன் துணியைத் தானே துவைத்தலும் மகனுக்கும் மகளுக்கும் ஒப்பவே கற்பியுங்கள். தந்தை முன்செய்யாததை மகன் பின்செய்யான்.

இவற்றால் கிடைக்கும் நாழிகையை இங்ஙனம் பங்கிடலாம். உறக்கம் பதினெட்டு, தொழில் இருபத்தைந்து, நீராடல், உணவு, வழிபாடு ஆறு, வீட்டுப்பணி நான்கு, மக்களோடு இருத்தல் நான்கு, தனக்கென மூன்று. ஆக அறுபது. இல்லக்கிழத்திக்கும் அந்த மூன்று உண்டு. அதனை அவர் படிப்பில் செலவிடினும், பாட்டில் செலவிடினும், வாளா அமர்ந்திருக்கினும் கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அழைப்பிதழில் ஐந்து மணி என அச்சிட்டு ஆறு மணிக்குக் கூட்டந் தொடங்குவதை இவ்வாண்டோடு நிறுத்துவோமாக. நூறு பேர் ஒரு மணி காத்திருப்பின் இருநூற்றைம்பது நாழிகை வீணாகின்றது. அதுவும் பிறர் பொழுதைக் கேளாது எடுத்தலே.

அன்பர்களே! பொருளில் நேர்மையுடையோர் எனப் பெயர் பெற்ற குலம் நமது. பொழுதிலும் அந்நேர்மையைக் காப்போமாக. குறித்த பொழுது முடிந்தது. என் உரையும் முடிந்தது.