பிள்ளை நூல்களின் பழம்பதிப்புகள்



தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய் ஓதிவந்த நூல்கள் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, உலகநீதி, வெற்றிவேற்கை, நன்னெறி என்பன. அவை உரையுடன் அச்சேறிய பழம்பதிப்புகள் இன்று அருகிவிட்டன. பெருங்காப்பியத்தைப் பேழையில் வைத்துக் காப்பார் உளர். பிள்ளை கிழித்த சிறுநூலைக் காப்பார் இலர். பலர் கையிலும் பயின்றமையாலேயே அவை அழிந்தன. எஞ்சியவை தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் முதியோர் மறைந்த வீடுகளிலிருந்து பழந்தாள் கடைக்கு எடைக்குப் போகின்றன.

அவற்றைத் தேடித் தொகுப்பதால் வரும் பயன் யாது? 1835-இல் அச்சகங்களுக்கிருந்த கட்டுகள் தளர்ந்தபின் தமிழ்ப் புலவர்கள் தாமே நூல் பதிப்பிக்கத் தலைப்பட்டனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பெருநூல்களோடு ஔவையாரின் சிறுநூல்களுக்கும் உரை வரைந்தார். பின்னர் ந. மு. வேங்கடசாமி நாட்டாரும் (1884–1944) அவற்றுக்கு உரை கண்டார். பேரறிஞர் இருவர் பிள்ளைகளுக்கென இறங்கி எழுதியது சிறுசெயலன்று.

இவ்வுரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்க்கு ஓர் உண்மை புலப்படும். அறம் என்னும் சொல்லுக்குத் தருமம் எனப் பொருள் வரைந்த பழைய உரைகள் உண்டு. பிள்ளைக்கு விளங்காத சொல் தமிழ்ச்சொல் என்றும், விளங்கும் சொல் வடசொல் என்றும் கருதப்பட்ட காலம் அது! அத்தகைய உரை வேண்டாவென எறிந்துவிடலாமோ? கூடாது. இழந்தது எது, மீண்டது எது என்பதற்கு அதுவே சான்று. சான்றைத் தொலைத்தவன் வழக்கில் வெல்லான்.

பல்லவபுரத்தில் 1911 முதல் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் இதனை நன்குணர்ந்தவர். தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்று பாராமல் ஏறத்தாழ 4000 நூல்களைத் தொகுத்தார். அவர் 1950-இல் மறைந்தபின், அத்தொகுப்பே 1958-இல் சென்னையில் எழுந்த மறைமலையடிகள் நூல்நிலையத்திற்கு வித்தாயிற்று. கோட்டையூர் முத்தையா தனியொருவராய்த் தேடிய நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்றுச் சென்னைக்கு வந்தன. அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் உள்ளது. பெசன்ட் நகரிலோ 1943-இல் தொடங்கிய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. தென்சென்னை அன்பர்க்கு இவை எட்டாத தொலைவா?

தொகுப்பார் கருதவேண்டியன சில. பழம்பதிப்பின் முகப்பேட்டில் ஆண்டு அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரால் மட்டும் இருத்தல் கூடும். அப்பெயர் மீண்டும் மீண்டும் வருமாகலின், அச்சகத்தின் பெயரையும் பதிப்பித்தார் பெயரையும் கொண்டே காலந் துணிதல் வேண்டும். ஆகவே முகப்பேடு கிழிந்த நூலினும் முகப்பேடு உள்ள நூல் பன்மடங்கு பயனுடையது. மரக்கூழால் ஆகிய தாள் தன்னிலுள்ள காடியால் மஞ்சளித்து நொறுங்கும். அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டுதல் கேடு. கட்டடஞ் செய்வோர் ஓரத்தை வெட்டின், அங்கெழுதிய குறிப்பும் போம். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளுட் புகுந்தது. தரையோரப் பேழையில் நூல் வைப்பார் அதனை மறவாதிருத்தல் நன்று.

பழைய நூலைப் பூட்டி வைத்துப் பெருமை பேசுதல் தொகுப்பு ஆகாது. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பொதுநூலகத்திற்கு ஒரு படி தருக. மூலநூலைப் பிள்ளைகள் கண்முன் விரித்து, உரையை உரையோடு ஒப்பிட்டுக் காட்டுக. இந்த ஞாயிறே வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்க. பழந்தாள் வாங்குவோன் தெருவில் குரல் கொடுக்குமுன் பார்க்க!