விலகிப் போக வழியில்லாதவர்



கனடாவில் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்தது 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி. அதற்குப் பிறகு ரொறன்ரோவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறபோதும், மாலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறபோதும், தொடர்மாடியில் மின்தூக்கிக் கதவு திறக்கிறபோதும் அந்த மணம் வந்து முகத்தில் அடிப்பது வழமையாகிவிட்டது. எங்கள் ஆட்களில் மூத்தவர்கள் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஆரோ குடிக்கிற கஞ்சாவை நான் ஏன் சுவாசிக்க வேணும்? எனக்கு உரிமை இல்லையோ?" புகைக்கிறவரும் அதே சொல்லோடுதான் நிற்கிறார்: "சட்டம் விட்டிருக்கு. இது என்ரை உரிமை." இரண்டு பேரையும் மதித்து, இந்த வழக்கை இன்று விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சட்டம். 2003இல் கனடிய உச்ச நீதிமன்றம், மல்மோ-லெவின் வழக்கில், பொழுதுபோக்குக்காகக் கஞ்சா புகைப்பதை உரிமைகள் சாசனம் பாதுகாக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அது ஒருவர் விரும்பித் தேர்ந்துகொள்கிற வாழ்க்கை முறை, அவ்வளவுதான் என்றது. நோய்க்காகப் பாவிப்பவரின் கதை வேறு. 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், வலிப்பு நோயாளி ஒருவரின் வழக்கில், மருத்துவத் தேவைக்கு இடம் விடாத தடை சாசனத்துக்கு முரண் என்று சொல்லியிருந்தது. ஆகவே 2018க்குப் பிறகு, பொழுதுபோக்காகப் புகைப்பவரிடம் இருப்பது நாடாளுமன்றம் தந்த அனுமதி. அதை எங்கே, எவ்வளவு என்று அளக்கிற அதிகாரம் சட்டம் இயற்றுகிறவர்களிடமே இருக்கிறது.

மணத்தைத் தாங்க முடியாதவரின் பக்கமும் சட்டத்தில் அவர் நினைக்கிற அளவுக்குப் பலமாக இல்லை. சாசனம் எங்களை அரசிடமிருந்து காப்பது. பக்கத்து வீட்டுப் புகையிலிருந்து காக்க வேண்டியவை மாகாணச் சட்டமும் மாநகரத் துணைவிதியும் வாடகை ஒப்பந்தமும். இந்திய நீதிமன்றங்கள் இந்த விடயத்தில் கனடாவைவிடத் துணிந்து பேசியிருக்கின்றன. 1999இல் கேரள உயர் நீதிமன்றமும், 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும், பொது இடத்தில் ஒருவர் விடும் புகையிலைப் புகை பக்கத்தில் நிற்பவரின் உயிர்வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்று, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையை வைத்தே சொல்லின. அங்கே கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனால் புகைக்காதவரின் உரிமை பற்றிய அந்த வாதம் எந்தப் புகைக்கும் பொருந்தும்.

இனி எங்கள் ஒன்ராறியோ மாகாணம். 2017இல் இருந்த லிபரல் அரசு, பொது இடங்களில் கஞ்சா பாவிப்பதை முற்றாகத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2018இல் ஆட்சிக்கு வந்த முதல்வர் டக் ஃபோர்டின் அரசு அதை மாற்றியது. இப்போதைய விதி, பெரும்பாலும், எங்கே சிகரெட் புகைக்கலாமோ அங்கே கஞ்சாவும் புகைக்கலாம் என்பதுதான். பாடசாலையிலும் அதன் எல்லையிலிருந்து 20 மீற்றருக்குள்ளும் கூடாது. சிறுவர் விளையாட்டிடத்துக்கும் அதே 20 மீற்றர். வைத்தியசாலை வாசலிலிருந்து 9 மீற்றர். உணவகத்தின் வெளிமுற்றத்தில் கூடாது. தொடர்மாடியின் பொது நடைவழி, படிக்கட்டு, மின்தூக்கி எதிலும் கூடாது. மீறினால் முதல் தடவை 1,000 டொலர் வரை தண்டம், அடுத்த தடவைகளில் 5,000 வரை.

இந்த மீற்றர்க் கணக்கை உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு நியாயம் இருப்பது தெரியும். ஊஞ்சலில் இருக்கிற நாலு வயதுப் பிள்ளை, புகை வருகிறதென்று எழும்பிப் போகாது. சக்கர நாற்காலியில் வைத்தியசாலை வாசலில் இறக்கப்பட்டவருக்கு வேறு வாசல் இல்லை. சட்டம் இவர்களைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருக்கிறது. என் நிலைப்பாடும் இதுதான்: இந்த உரிமைக் கேள்வியில் முதலில் கேட்க வேண்டியது, புகை வந்து சேர்கிறவருக்கு விலகிப் போக வழி இருக்கிறதா என்பது.

அந்தக் கேள்விக்குப் போகுமுன் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சாவின் அந்தக் காரமான நெடிக்குக் காரணம் கந்தகம் கலந்த சில சேர்மங்கள் என்று 2021இல் வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். ஸ்கங்க் என்கிற விலங்கு பீச்சுவதில் உள்ளவற்றுக்கு அவை நெருங்கிய உறவு. மிகச் சிறிய அளவு காற்றில் கலந்தாலும் மூக்கு பிடித்துவிடும். அதனால் வீதியின் மறுகரையில் ஒருவர் பற்றவைத்தது எங்களுக்கு மணக்கிறது என்பதாலேயே எங்கள் உடலுக்குக் கேடு வந்துவிட்டது என்று ஆகாது. மணம் தொந்தரவுதான். தொந்தரவு எல்லாம் உரிமை மீறல் என்று நாங்கள் வாதாடத் தொடங்கினால், அந்த வாதம் முதலில் எங்கள் குசினிக்குள்தான் வந்து நிற்கும். கருவாடு பொரித்ததற்காக, கறித்தூள் வறுத்ததற்காக அயலவரின் முறைப்பாட்டைக் கேட்ட குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை! "உங்கள் மணம் எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்ற பேச்சு எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் கஞ்சாப் புகை வெறும் மணம் அல்ல. அது எரிந்த பொருளின் புகை. கலிபோர்னியா மாநிலம் 2009இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீட்டுக்குள் அளந்து பார்த்து 2021இல் வெளிவந்த ஆய்வு, கஞ்சாச் சுருட்டு வெளிவிடும் நுண்துகள்கள் ஒரு சிகரெட்டினுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2015இல் வெளியிட்ட ஆய்வுக்காக, புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் ஓர் அறையில் ஒரு மணி நேரம் ஒன்றாக இருத்தினார்கள். காற்றோட்டத்தை அடைத்தபோது, புகைக்காதவர்களின் இரத்தத்திலும் கஞ்சாவின் போதைப்பொருள் காணப்பட்டது. இலேசான மயக்கத்தையும் அவர்கள் உணர்ந்தார்கள். காற்றாடியைப் போட்டதும் அந்த விளைவு பெரும்பாலும் இல்லாமல் போனது.

அந்தக் காற்றாடிதான் இதில் கவனிக்க வேண்டியது. திறந்த வெளியில், நடந்து போகிறவருக்கு நடக்கிற பாதிப்பு சில விநாடிகளோடு முடிகிறது. பத்து அடி தள்ளிப் போனால் தீர்ந்துவிடும். அடைத்த இடத்தில் நாட்கணக்காக இருப்பவருக்கு அது தீராது. நாங்கள் கோபப்படுவதெல்லாம் தெருவில் நிற்பவர் மேல். உண்மையான பாதிப்பு நடப்பது சுவருக்கு அந்தப் பக்கத்தில்.

தெருவில் நிற்பவர் மேல் சட்டத்தை ஏவிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயோர்க்கின் அனுபவம் இருக்கிறது. சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதை அந்த மாநிலம் 1977இலேயே சிறைக்குரிய குற்றம் இல்லை என்று ஆக்கிவிட்டது. ஒரு விலக்கை மட்டும் விட்டுவைத்தார்கள்: பொது இடத்தில் எரிந்துகொண்டிருந்தாலோ, பார்வைக்குத் தெரிந்தாலோ அது கைதுக்குரிய குற்றம். பொதுமக்களின் நிம்மதிக்காக வைத்த சிறிய விதி. அந்த விதியின் பெயரில் நியூயோர்க் நகரில் 2011இல் மட்டும் 50,000 பேருக்கு மேல் கைதானார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். பலரைப் பொலிஸார் மறித்து, சட்டைப்பையில் உள்ளதை வெளியே எடுக்கச் சொன்னார்கள்; எடுத்தவுடன் அது "பார்வைக்குத் தெரிந்தது" ஆகிவிட்டது. வெள்ளையர்களும் அதே அளவில் புகைக்கிறார்கள் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விடயம். கடைசியில் 2021இல் அந்த மாநிலம், சிகரெட் புகைக்கக்கூடிய இடத்தில் கஞ்சாவும் புகைக்கலாம் என்று சட்டம் செய்தது. எங்கள் பிள்ளைகளும் இந்த நாட்டில் பழுப்பு நிறத்தோடு வீதியில் நடக்கிறவர்கள். "மணக்குது, பொலிஸைக் கூப்பிடு" என்று சொல்லுமுன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள உயர்ந்த தொடர்மாடிகளுக்கு வாருங்கள். கீழ்வீட்டில் புகைத்தால், யன்னல் வழியாக, கதவின் அடிப்பக்கத்து இடைவெளியால், குளியலறைக் காற்றுக்குழாயால் மேல்வீட்டுக்கு ஏறும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இரவு முழுக்க அந்தக் காற்றில்தான் படுக்கிறது. அம்மம்மா யன்னலைத் திறந்தால் புகை இன்னும் கூடுதலாக வரும், பூட்டினால் உள்ளே இருப்பது போகாது. மாகாணச் சட்டம் நடைவழியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் என்ன செய்யலாம் என்பதை ஒப்பந்தத்திடம் விட்டுவிடுகிறது. இங்கே வாழ்கிறவருக்கு விலகிப் போக வழியில்லை. உரிமை மீறல் என்ற சொல்லை நான் தயக்கமில்லாமல் பாவிப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் கீழ்வீட்டுக்காரரையும் பார்க்க வேண்டும். கியூபெக் மாகாணம் என்ன செய்தது? 2018 ஒக்டோபரில் தொடங்கி 90 நாட்களுக்குள் நடைமுறையில் இருந்த ஒப்பந்தங்களையே மாற்றி, வீட்டுக்குள் கஞ்சா புகைக்கத் தடை போட வீட்டு உரிமையாளர்களுக்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பொது இடங்களிலும் தடை செய்தது. பூங்காக்களில் விதிவிலக்குத் தர நகரசபைகளுக்கு மட்டும் வழி விட்டது. சொந்த வீடும் பின்வளவும் உள்ளவர் ஆறுதலாகக் கதிரையைப் போட்டுப் புகைக்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை. வளர்ந்தவர்களுக்குச் சட்டம் அனுமதித்த ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வரலாம், அதைப் பாவிக்க நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நீதியாக எனக்குப் படவில்லை. இடமில்லாதவர் எங்கே புகைப்பார்? கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்தான். அந்தப் புகை போய்ச் சேர்வது மேல்வீட்டுப் பிள்ளையிடம்.

அதனால்தான் பொது இடத்தை முற்றாக மூடுவதை நான் எதிர்க்கிறேன். நோவா ஸ்கோசியாவின் ஹலிபாக்ஸ் நகரம் வேறு வழி எடுத்தது. நகரசபைக்குச் சொந்தமான வீதி, பூங்கா எல்லாவற்றிலும் புகைப்பதைத் தடுத்து, குறித்த சில இடங்களில் மட்டும் பலகை நட்டு அனுமதித்தது. தொடர்மாடிகள் நெருங்கி நிற்கிற ஸ்காபரோவுக்கு இதுவே தேவை: கட்டடங்களிலிருந்தும் விளையாட்டிடத்திலிருந்தும் தள்ளி, கூரை மட்டும் போட்டு, மாரியிலும் ஒருவர் நின்று புகைக்கக்கூடிய ஓர் இடம். அப்படி ஒன்று இருந்தால், வீட்டுக்குள் புகைக்க வேண்டாம் என்று அயலவரிடம் கேட்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

அதுவரை, வீட்டுக்குள் புகை வந்து வருந்துகிற நேயர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வாடகைக்காரர் தன் வீட்டை நியாயமான நிம்மதியோடு அனுபவிப்பதில் வீட்டு உரிமையாளர் கணிசமாகத் தலையிடக் கூடாது என்கிறது. முறைப்பாடு கொடுத்தும் அவர் நடவடிக்கை எடுக்காமல் இருப்பதும் தலையீடாகக் கருதப்படலாம். முதலில் அயலவரிடம் போய் அமைதியாகக் கதையுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அதில் சரிவராவிட்டால், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த அறை என்று குறித்து, கட்டட நிர்வாகத்துக்கு எழுத்திலே கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், வீட்டு உரிமையாளர்-வாடகைக்காரர் சபைக்கு ரி2 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் நிரப்பச் சிரமமானால், உங்கள் பகுதியில் உள்ள சமூக சட்ட உதவி நிலையத்திற்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.