மெயின் சுவிட்ச் இல்லாத கரண்ட்

இந்த எபிசோடு சோலார் பத்தி. மானியம் எவ்வளவு, போட்ட காசு எப்போ திரும்பும்னு பேச நிறைய பேர் இருக்காங்க. நான் பேசப்போறது, பேனலை மாட்ட மாடி ஏறுற பசங்களைப் பத்தி.

எங்க பெரியப்பா வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல. கீழே தறி, மேலே ரெண்டு மாடி. 2024-ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு தெரிஞ்சதும் அவரும் போட முடிவு பண்ணார். வேலைக்கு ரெண்டு பசங்க வந்தாங்க. மொட்டை மாடியில துணி காயப்போட இடம் வேணும்னு ஏழடி உயரத்துக்கு இரும்பு பைப் ஸ்டாண்டு. நான் போனப்ப ஒரு தம்பி அதுல ஏறி, தெருப் பக்க ஓரத்துல போல்ட் முடுக்கிட்டு இருந்தார்.

"தம்பி, பெல்ட் போடலையா?"

"பழகிடுச்சுண்ணா. அதான் கைப்பிடிச் சுவர் இருக்கே."

கைப்பிடிச் சுவர் மூணடி. அது தரையில நிக்கிறவரைத்தான் காப்பாத்தும். ஏழடி ஸ்டாண்டுல இருந்து கால் வழுக்கினா, சுவரைத் தாண்டி நேரா தெருவுலதான். எங்க வேலையில தப்பு நடந்தா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். மாடியில அது கிடையாது.

இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் போதாது. விழும்போது மொத்த இழுப்பும் இடுப்புல வந்து முதுகெலும்பே போகலாம். தோள், நெஞ்சு, தொடை எல்லாம் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸ் வேணும். அதுல ஐஎஸ் 3521 முத்திரை இருக்கான்னு பாருங்க. கயிறைத் தண்ணி டேங்க் பைப்புலயோ, இன்னும் முடுக்கி முடிக்காத ஸ்டாண்டுலயோ கட்டக்கூடாது. அசையாத கான்கிரீட் தூண்ல கட்டணும். ஒரு பெரிய பேனல் ரெண்டு மீட்டருக்கு மேல நீளம், 28 கிலோ பக்கம் எடை. ஆடிக் காத்துல தூக்கினா அது பாய்மரம் மாதிரி ஆளையே இழுத்துட்டுப் போகும். காத்து பலமா இருந்தா அன்னைக்கு வேலை வேண்டாம்.

அடுத்தது கரண்ட். வரதராஜர் தேர் வரும்போது அந்தத் தெருவுல கரண்டை நிறுத்திடுவாங்க. ஏன்னு நமக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல தேர் உயர் அழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் இறந்தாங்க. நம்ம குறுகலான தெருவுல நீள இரும்பு பைப்பை நிமிர்த்தி மாடிக்கு ஏத்தும்போதும் அதே ஆபத்துதான். கம்பி பக்கத்துல போகுதுன்னா மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்திட்டு ஏத்துங்க.

ஆனா பேனல்ல வர்ற கரண்டை எந்த வாரியமும் நிறுத்த முடியாது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அதுல வோல்டேஜ் இருக்கும். ஒரு பேனல் சுமார் 50 வோல்ட். ஆறு பேனலை வரிசையா இணைச்சா 300 வோல்ட் கிட்ட, அதுவும் டிசி. தெருவுல கரண்ட் போனா இன்வெர்ட்டர் தானாவே நின்னுடும். லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. ஆனா பேனல்ல இருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் வர்ற ஒயர்ல அப்பவும் உயிர் இருக்கும்.

பெரியம்மா கேட்டாங்க: "பழைய புடவையைப் போட்டு மூடிட்டா?" மேகமூட்டத்துலயே வோல்டேஜ் பெருசா குறையாது, பெரியம்மா. புடவைக்கு எங்க குறையப்போகுது?

இன்னொண்ணு. வீட்டு ஏசி கரண்ட் ஒரு செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். அதனால தீப்பொறி வந்தாலும் சீக்கிரம் அணையும். டிசி பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ஓடிட்டு இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினா, பொறி அணையாம நின்னு எரியும். கை போகும், வீடும் போகலாம். வரிசை இதுதான்: முதல்ல ஏசி சுவிட்ச், அப்புறம் டிசி ஐசொலேட்டர், அஞ்சு நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் கனெக்டர்.

பெரியப்பா அன்னைக்கு வேலையை நிறுத்திட்டார். ஒப்பந்தக்காரர் போன்ல, "ஹார்னஸ் வரணும்னா ஒரு நாள் லேட்டாகும் சார்"னார். பெரியப்பா சொன்னது: "ஒரு புடவை நெய்ய எத்தனை நாள் உட்காரேன், ஒரு நாள் பொறுக்க மாட்டேனா?" மறுநாள் ரெண்டு ஹார்னஸ் வந்தது. அந்தத் தம்பிதான் முதல்ல மாட்டிக்கிட்டார்.

நீங்களும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஹார்னஸ் இருக்கா? கயிறை எங்க கட்டுவீங்க? டிசி ஐசொலேட்டர் எங்க வரும்? எத்தனை யூனிட் வரும்ங்கிறதை அப்புறம் பேசிக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.